பதினொன்றாம் எண் வீட்டுக்குப் போகும் சாலை

குபேரன் அவென்யூவில் சாலை வளர ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவள் மயிலாத்தாள்தான் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் எல்லோருக்கும் சந்தேகம் உண்டு.

பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் செக்கிங் பார்த்தவள் அவள். ஆயிரம் சட்டை வந்தாலும் எந்தச் சட்டையில் எந்த மூலையில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று தொட்டவுடனே சொல்லும் விரல்கள், வேலையை விட்டு நின்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. கடை அரிசியை, பால்காரரின் கேனை, பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பை, எதைக் கண்டாலும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவள் புருஷன் குழந்தைவேலு இதற்கு நேர்மாறு. விசைத்தறி ஓட்டிக் காது மந்தமாகிப் போன மனுஷர். ஒரு பேச்சுக்குக்கூட யாரையும் சந்தேகப்படத் தெரியாது. அதுதான் அவரிடம் இருக்கிற ஒரே கோளாறு என்று மயிலாத்தாள் நினைத்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தாம் எண்ணான அவள் வீட்டிலிருந்து பதினொன்றாம் எண் வீட்டு ஜன்னல் கம்பி வரை கட்டியிருந்த துணிக்கயிறு அறுந்து, குழந்தைவேலுவின் வேட்டி இரண்டும் மண்ணில் கிடந்தன. கத்தியால் அறுத்திருந்தால் நுனி நேராக இருக்கும். இது இழுபட்டு, நார் நாராகப் பிரிந்து, கடைசி நார் வரை தாக்குப்பிடித்துத்தான் விட்டிருக்கிறது என்று கயிற்றின் நுனி அவளுக்குச் சொன்னது. சொன்னாலும் அவள் நம்பவில்லை. நிமிர்ந்து பார்த்தபோதுதான், நேற்று வரை ஒன்றோடொன்று ஒட்டி நின்ற இரண்டு வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்திருப்பதும், அந்த ஒரு சாண் மண்ணில் தும்பை முளைத்து அதற்குள் பூவும் விட்டிருப்பதும் தெரிந்தது.

"ஏம்புள்ள, செவுத்தத் தள்ளிக் கட்டிப்போட்டீங்களா?" என்று கேட்டாள்.

பதினொன்றாம் எண்ணில் குடியிருந்த பொன்னரசி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் சுடலைமுத்து மாதத்தில் இருபது நாள் லாரியில். அவள் மட்டும் ஒரு தையல் மிஷினோடு வீட்டில். "நாங்க என்னத்தக்கா செஞ்சோம்? நீங்கதான் கயித்த இழுத்து அத்துட்டீங்கன்னு நான் நெனச்சேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டு இரண்டு பேரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் இடைவெளி ஒரு முழம்.

குபேரன் அவென்யூ என்பது மொத்தமே பதினொரு வீடுகள், ஒரே வரிசை. எதிர்ப்பக்கம் நூல் மில்லின் மதில் சுவர், நடுவில் இருபத்து மூன்றடி அகலத்தில் ஒரு தார்ச்சாலை, இந்த முனையில் இரும்புக் கேட், அந்த முனையில் ஒரு முட்டுச்சுவர், அதற்கப்பால் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு. மனை பிரித்து விற்ற யுவராஜ், விதிப்படி அந்தச் சாலையை நகராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் விளக்கும் சாக்கடையும் துப்புரவும் நகராட்சியின் பாடு. அவர் ஏழு வருஷமாக அடுத்த முகூர்த்தத்தில் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதுவதற்குப் பதிலாகக் கேட்டில் ஒரு பலகை மாட்டினார்: தனியார் சாலை, அன்னியர் உள்ளே வரக் கூடாது. முதலில் சண்டை போட்ட ஜனங்கள் போகப் போக அந்தப் பலகையின் ருசியைக் கண்டுகொண்டார்கள். கீரைக்காரியை நிறுத்தி யார் என்று கேட்பதில் ஒரு சுகம் இருந்தது. சுடலைமுத்து ஒரு தரம் லாரியோடு வந்தபோது, லாரி எல்லாம் தனியார் சாலைக்குள் வரக் கூடாது என்று கேட்டைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து அவன் லாரியை மில்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வருவான். அப்படி நடந்து வருகிறவனை ஜன்னலில் நின்று பார்த்து, அந்தப் பையில் என்ன இருக்கும் என்று பத்து வீட்டிலும் பேசுவார்கள்.

ஆகவே சாலை வளர்ந்தபோது, அது ஏன் வளர்கிறது என்று யாரும் கேட்கவில்லை. யார் வளர்க்கிறார்கள் என்றுதான் கேட்டார்கள். பத்து வீடும் இருந்த இடத்தில் இருந்தன. பத்தாம் எண்ணுக்கும் பதினொன்றாம் எண்ணுக்கும் நடுவில் மட்டும் நாளுக்கு ஒரு முழம், பிறகு இரண்டு கையும் விரித்த ஒரு பாகம், புரட்டாசி முடிவதற்குள் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிற அளவுக்கு மண் விரிந்தது. எதிரே மில் மதிலும் கூடவே நீண்டது. மில்லுக்குள் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. தார் எங்கும் வெடிக்கவில்லை. குழந்தைகள் அந்தப் புது மண்ணில் கிரிக்கெட் ஆடினார்கள். அடித்த பந்து போன தூரத்தைவிடத் திரும்பி வருகிற தூரம் அதிகமாக இருப்பதைப் பார்த்து அவர்களே நிறுத்திக்கொண்டார்கள். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், பதினொன்றாம் எண் சிலிண்டரை மயிலாத்தாள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, அதற்கு மேல் என் வண்டி போகாது என்று சொல்லிவிட்டார். பொன்னரசி டிவிஎஸ் வண்டியில் வந்து எடுத்துப் போவாள். ஐப்பசியில் அதுவும் நின்றது. தூரத்தில் அவள் வீடு ஒரு தீப்பெட்டியாகி, பிறகு ஒரு தீக்குச்சித் தலையாகி, சாயங்காலத்தில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரிந்தது.

"சிலிண்டரும் வாங்க வர்றதில்ல, அரிசி பருப்பும் வாங்கப் போறதில்ல. அப்பறம் எதைத் தின்னு உசுரோட இருக்கறாங்க?" என்று மயிலாத்தாள் கேட்டாள். அந்தக் கேள்வியைப் பத்து வீடும் வாங்கிக்கொண்டு போய் உலையில் போட்டது. நலச்சங்கத் தலைவர் சென்னியப்பன், மின்வாரியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தத் திசை நோக்கி ஒரு காமிரா மாட்டினார். அதில் ஒரு வீடு சிறிதாகிக்கொண்டே போவதைத் தவிர ஒன்றும் பதியவில்லை. யுவராஜுக்கோ கொண்டாட்டம். சாலை அவர் பெயரில் இருக்கிறபடியால் சாலை ஈன்ற மண்ணும் அவருடையதே என்று எல்லைக்கல் நட்டுப் புது மனைகள் போட்டார். முப்பதடிக்கு ஒன்றாக நட்ட கற்கள் மறுவாரம் நாற்பதடிக்குப் போயின, அதற்கடுத்த வாரம் எண்பது. வாங்க வந்தவர்கள் முதலில் மகிழ்ந்து, பிறகு, தானாகப் பெரிதாகிற மனை தானாகவே சிறிதாகவும் ஆகலாம் அல்லவா என்று யோசித்து, ஒருவரும் திரும்பி வரவில்லை.

மயிலாத்தாள் மனு எழுதிக்கொண்டு நகராட்சிக்குப் போனாள். நகரமைப்பு ஆய்வாளர் அம்மாள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"இது தனியார் சாலைம்மா. எங்களுக்கு எழுதிக் குடுத்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எங்க சாலை எதுவும் இதுவரைக்கும் வளர்ந்ததில்ல. தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப இத யாருங் கேக்கறது?"

"நாங்கதான் கேப்போம். உங்களக் கேப்போம்."

பதினைந்து நாளில் நோட்டீஸ் வந்தது. முட்டுச்சாலை நூறு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் முடிவில் தீயணைப்பு வண்டி திரும்புகிற அளவுக்கு வட்டம் விட்டிருக்க வேண்டும். குபேரன் அவென்யூவில் நீளம் மீறியிருக்கிறது, வட்டமும் இல்லை. ஆகவே நீளத்தை விதிப்படி குறைத்துக்கொண்டு தகவல் தெரிவிக்கவும்.

சங்கக் கூட்டம் சென்னியப்பன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. சாலையை எப்படிக் குறைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சென்னியப்பன்தான் சொன்னார்: "பத்தாம் நம்பரு தாண்டி ஒரு செவுரு வெச்சுட்டம்னா நூறு மீட்டருக்குள்ள அடங்கிப் போகுதுங்களே. அதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது நம்ம சாலை இல்லீங்."

"அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் குழந்தைவேலு. காது மந்தமானவர்கள் பேசும் குரலில், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மயிலாத்தாளும் பார்த்தாள், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஆனால் விதி என்றால் விதி. குடியிருப்பவர் எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் நகராட்சி ஏற்கும். பதினொரு கையெழுத்தில் பத்து அங்கேயே விழுந்தது. பதினொன்றாவதை வாங்கி வர யார் போவது? ஒருத்தர் போனால் அங்கே போய் என்ன பேசுவாரோ என்று மற்றவர்களுக்குச் சந்தேகம். இரண்டு பேர் போனால் வழியில் என்ன பேசிக்கொள்வார்களோ என்று சந்தேகம். யாரையும் நம்பாதவள் யாராலும் ஏமாற்றப்பட மாட்டாள் என்று சென்னியப்பன் மயிலாத்தாளின் கையில் காகிதத்தைக் கொடுத்தார்.

காலை ஏழு மணிக்கு, ஒரு சொம்பு மோரும் நாலு இட்லியும் கட்டிக்கொண்டு அவள் புறப்பட்டாள். இடது கைப் பக்கம் மில் மதில், வலது கைப் பக்கம் எருக்கும் ஆவாரையும், மேலே கார்த்திகை மாதத்து வெளுத்த வானம். யுவராஜின் கற்கள் முதலில் ஒரு கல்லெறி தூரத்தில் வந்தன, பிறகு ஒரு கூப்பிடு தூரத்தில், பிறகு ஒன்று கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பின்னும் அடுத்தது வரவில்லை. அவள் தாரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். பழைய சாலையோடு புதுச் சாலையை ஒட்டிய இடம் ஒன்று இருக்கத்தானே வேண்டும், எந்தத் தையல்காரனும் ஒரு முடிச்சையாவது விட்டுத்தானே வைப்பான் என்று குனிந்தும் உட்கார்ந்தும் விரலால் தடவியும் பார்த்தாள். தையலே இல்லை. துணியாக இருந்தால் குறை ஒன்றுமில்லை என்று மடித்து ஓரமாக வைத்திருப்பாள். குறையில்லாத ஒன்றைக் கண்டால் அவளுக்கு எப்போதும் பயம். வேப்பமரம்கூட இல்லாத அந்த நீளத்தில் நடக்க நடக்க முதலில் யுவராஜைச் சந்தேகப்பட்டாள், பிறகு சென்னியப்பனை, தன்னை அனுப்பிவிட்டு அவர் அங்கே என்ன செய்துகொண்டிருப்பாரோ என்று. பிறகு அவர்கள் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டுச் சலித்துப்போய், வேறு ஆள் இல்லாமல் தன்னையே பிடித்துக்கொண்டாள். கயிறு அறுவதற்கு முந்தின மாதம் பொன்னரசி ஒரு கிண்ணத்தில் கருப்பட்டிப் பணியாரம் கொண்டு வந்து கொடுத்ததும், அதில் என்ன கலந்திருக்கிறதோ என்று தான் அதைக் கொல்லையில் கொட்டிவிட்டு நன்றாக இருந்தது என்று சொன்னதும், கொட்டியதை அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம் என்பதும் பத்து கிலோமீட்டர் நடந்த பிறகு ஞாபகத்துக்கு வந்தது.

உச்சி வெயிலில் பதினொன்றாம் எண் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

வீடு அதேதான். சுவரில் அதே நீலம். ஆனால் வீட்டுக்கு அந்தப் பக்கம் முட்டுச்சுவரைக் காணோம். பஸ்ஸும் லாரியும் பறக்கிற பைபாஸ் ரோடு இருந்தது. வளர்ந்த சாலை சுவரைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. தென்னந்தோப்பு இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டிருக்கிறது. ரோட்டை இடித்துக்கொண்டு நின்ற சுவரைச் சாலை வேலைக்காரர்கள் ஆக்கிரமிப்பு என்று சொல்லி உடைத்து அள்ளிப் போய்விட்டார்கள். வீட்டு வாசலில் சுடலைமுத்துவின் லாரி, பசுமாடு மாதிரி, நிழலில் நின்றது. முன்னறையில் பொன்னரசி மூன்று மிஷின் போட்டு இரண்டு பெண்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா" என்றாள். ஆச்சரியப்படவில்லை. "ஒருவழியா இங்கன வந்துட்டீங்க. எங்க வீட்ட விட்டுத் தள்ளித் தள்ளிப் போயிட்டே இருந்தீங்களே, என்ன கோவமோன்னு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தோம்."

"நாங்க எங்க போனோம்? நீங்கதான் போனீங்க."

"நாங்க இங்கயேதான் இருக்கோம்."

அதற்கு மேல் அதைப் பேசி முடிவுக்கு வர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பொன்னரசி ஆம்லெட் போட்டுச் சோறு வைத்தாள். மயிலாத்தாள் சோற்றைக் கிளறிப் பார்த்தாள், பழக்கத்தால், பிறகு சாப்பிட்டாள். கை கழுவிய பின் காகிதத்தை நீட்டினாள்.

பொன்னரசி முழுவதும் படித்தாள். "செவுரு வச்சா உங்களுக்கு வெளிய போக ஒரே கேட்டுத்தானக்கா?"

"ஆமா."

"அப்ப முட்டுச்சந்துல இருக்கறது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். "எங்களுக்கு ஒண்ணுமில்ல. நீங்க பாத்து இருந்துக்கங்க."

மயிலாத்தாள் திரும்பி நடந்தாள். வழியில் இரண்டு முறை நின்று அந்தக் கையெழுத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கோணலில்லாத, தெளிவான கையெழுத்து. இத்தனை சுலபமாகப் போட்டாளே, ஏன் போட்டாள் என்று யோசித்து, அவளுக்கு வேண்டாததால்தான் போட்டாள் என்ற பதில் கிடைத்தபோது நடையை எட்டிப் போட்டாள்.

பொழுது சாயும்போது தன் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. தொட்டி மட்டும்தான் தெரிந்தது. அதற்குக் கீழே, சாலையின் குறுக்கே, மில் மதிலில் இருந்து அவள் வீட்டுக் காம்பவுண்டு வரை, ஆள் உயரத்துக்கு மேலே ஹாலோ பிளாக் சுவர் எழுந்திருந்தது. சிமெண்ட் இன்னும் ஈரம்.

"ஏனுங், யாருங் இருக்கறது? நாந்தான் வந்துட்டேன்" என்று சுவரைத் தட்டினாள். ஈரச் சுவர் சத்தம் கொடுக்கவில்லை.

உள்ளே பேச்சுக் குரல் நின்றது. பிறகு சென்னியப்பனின் குரல்: "நாந்தான்னா யாரு?"

"மயிலாத்தா. பத்தாம் நம்பரு. கையெழுத்து வாங்கியாந்துட்டனுங்."

"அந்தப் பொண்ணு செவுருக்கு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டாளா?"

"போட்டாங்."

உள்ளே கிசுகிசுத்தார்கள். "யாராச்சும் அப்படிப் போடுவாங்களா?" என்று ஒரு குரல். "பத்தாம் நம்பரு மயிலாத்தாளா இருந்தா, அந்தப் பக்கம் இருந்து எதுக்கு வர்றா?" என்று இன்னொன்று. "மத்தியானமே வர்றதுக்கு என்ன? பொழுதுக்கும் அங்க உக்காந்து என்ன பேசுனா?" அவள் எத்தனையோ கூட்டங்களில் கேட்ட கேள்விகள், சிலவற்றை அவளே கேட்டிருக்கிறாள். எங்கே எந்த இடத்தில் அழுத்தம் கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதுகூட அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"என்ற ஊட்டுக்காரரக் கூப்புடுங்" என்றாள்.

குழந்தைவேலு வந்திருக்க வேண்டும். அவருடைய இருமல் கேட்டது. "குரலு அவளாட்டந்தான் இருக்குது" என்று உரக்கச் சொன்னார், பிறகு வெகுநேரம் கழித்து, "ஆனா எனக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷர் சந்தேகப்பட்டது அன்றைக்குத்தான். மயிலாத்தாள் சுவரில் முதுகைச் சாய்த்து, முந்தானையில் சிமெண்ட் ஒட்டுவதைக்கூடக் கவனிக்காமல், தாரில் உட்கார்ந்தாள். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் டிவிஎஸ் வண்டிச் சத்தம் வந்தது. பொன்னரசி காலை ஊன்றி நின்றாள். "இப்பிடி ஏதாச்சும் செஞ்சிருவாகளோன்னு சந்தேகமா இருந்திச்சுக்கா. அதான் பின்னாலயே வந்தேன்" என்றாள்.

தன் காதில் சந்தேகம் என்ற சொல் இப்படி விழுந்து மயிலாத்தாள் கேட்டதே இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை பைபாஸில் பஸ் பிடித்து, ஊரைச் சுற்றி, குபேரன் அவென்யூவின் முன்பக்கக் கேட்டுக்கு வந்து நின்றாள். காவலாளி அவளைத் தினமும் பார்க்கிறவன். ஆனாலும் பலகையைக் காட்டினான். "எந்த வீட்டுக்குங்கம்மா? உள்ள இருந்து யாராச்சும் வந்து சொல்லோணும். சங்கத்துல ராத்திரி முடிவு பண்ணியிருக்கறாங்க."

"பத்தாம் நம்பரு. குழந்தைவேலுவைக் கூப்புடு."

அவர் வந்தார். கூடவே சென்னியப்பனும், பத்து வீட்டில் பாதிப் பேரும். கேட்டுக்கு உள்ளே நின்றபடி குழந்தைவேலு அவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். ராத்திரி தூங்காத கண்.

"கேளுங், கேளுங்" என்று சென்னியப்பன் அவர் தோளைத் தட்டினார்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு மழ பேஞ்சுதா?" என்று கேட்டார்.

"பந்தி போடறப்பப் பேஞ்சுது. ரசத்துல தண்ணி உழுந்துதுன்னு உங்க மாமன் சண்டை போட்டாரு."

"எனக்கு எந்தக் காது மந்தம்?"

"ரெண்டும். எடது கொஞ்சம் எச்சா."

"ஊரெல்லாம் தெரிஞ்ச கதையுங் இது" என்றார் சென்னியப்பன். "யாருக்கும் தெரியாததாக் கேளுங்."

குழந்தைவேலு யோசித்தார். வாயைத் திறந்தார். மயிலாத்தாள் கையை உயர்த்தித் தடுத்தாள். இன்னும் ஆயிரம் கேள்வி கேட்கலாம், ஆயிரத்துக்கும் சரியான பதில் சொல்லலாம், அப்புறமும் ஒரு தையல் விட்டுப்போயிருக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

"இனி ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். "நானா இல்லியான்னு தெரியோணும்னா நீங்க வெளிய வாங்."

கேட்டுக்கு உள்ளே சலசலப்பு. வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவதற்குச் சங்கம் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று சென்னியப்பன் எச்சரித்தார். குழந்தைவேலுவுக்கு அது கேட்டதோ இல்லையோ. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரத்தில் ஒரு மூட்டை நெல்லை எண்ணி முடித்திருக்கலாம். பிறகு, தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு, சின்னக் கதவில் குனிந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் கதவு உடனே சாத்தப்பட்டது.

கிட்டே வந்து அவள் பாதங்களைப் பார்த்தார், தரையில் படுகிறதா என்று. பட்டது. ஆனாலும் பஸ் நிறுத்தம் வரை இரண்டடி பின்னாலேயேதான் நடந்தார். மயிலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும் என்று கழுத்து கெஞ்சியும் பார்க்கவில்லை.

நகராட்சிக் கோப்பில் குபேரன் அவென்யூ நூறு மீட்டர் என்று பதிவாகி, விதிகளுக்கு உட்பட்டது என்று முத்திரை விழுந்தது. மற்ற ஒன்பது வீட்டுக்காரர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்கிறார்கள். ஒருவரும் வெளியே வந்து பார்த்ததில்லை, அதனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அன்றைக்குப் பஸ் கூட்டமாக வந்தது. மயிலாத்தாள் முன்வாசலில் ஏறுவதற்குள் குழந்தைவேலு வெளியே இருந்தபடியே எட்டி, ஜன்னல் வழியாகத் தன் துண்டை உள்ளே போட்டார். இருவர் உட்காருகிற இருக்கை அது. துண்டை நன்றாக விரித்துப் போட்டிருந்தார்.